இன்ட்டு மார்க்கைத் தேடும் விரல்

தீபாவளிக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தபோது அம்மா போனை நீட்டினாள். "எய்யா, இதுல எதைத் தொட்டா இந்த விளம்பரம் போவும்? எங்க தொட்டாலும் வேற எங்கயோ போயி நிக்கி."

வயலைக் குத்தகைக்கு விட்டுப் பத்து வருஷமாகிறது. ஆனாலும் காலையில் பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறில் எத்தனை அடி என்று பார்க்காமல் அம்மாவுக்குக் காபி இறங்காது. முன்பு அப்பா பேப்பரைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பார். இப்போது போனில் ஒரு தமிழ்ச் செய்தித் தளம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தலைப்பு வந்தது, முதல் பத்தி வந்தது. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்த நேரம், எழுத்தெல்லாம் சரேலென்று கீழே இறங்கிவிட்டது. மேலே ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளி, விட்ட வரியைத் தேடிப் பிடித்தாள். இரண்டு வரி போனதும் மறுபடி ஒரு குதி. பிறகு திரையின் அடியிலிருந்து ஒரு பட்டை எழும்பிச் செய்தியின் கால்பங்கை மூடியது. அதன் மூலையில் இன்ட்டு மார்க், கடுகளவில், வெளுத்த சாம்பல் நிறத்தில். அம்மா கட்டைவிரலைக் கொண்டுபோனாள். விரல் படும் நேரத்தில் பட்டை ஓர் இழை மேலே நகர்ந்தது. கடன் கொடுக்கும் ஆப் ஒன்றின் பக்கம் திறந்துகொண்டது.

"பாத்தியா? கை நடுங்குதுல்லா, அதான்" என்றாள்.

கை நடுங்கவில்லை. விரலால் தொடும் பொத்தான் குறைந்தது 44 புள்ளி அகலம் இருக்க வேண்டும் என்று ஆப்பிளின் வடிவமைப்பு விதிகள் சொல்கின்றன. ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்லும் அளவு 48. மனித விரல் நுனியை வைத்து வந்த கணக்கு அது. அந்த இன்ட்டு மார்க்கை அளந்தேன். 14.

*

அன்று மத்தியானம் லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பேனலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

செய்தி 210 சொல். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். 'தமிழ்' என்று எழுதினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், 15 பைட். இப்படிக் கூட்டினால் மொத்தச் செய்தியும் ஆறு கேபிக்குள் அடங்கிவிடும். கூடவே அணையின் பழைய படம் ஒன்று, 90 கேபி. இவ்வளவுதான் அம்மா கேட்டது.

வந்திறங்கியது 7.4 எம்பி. 312 ரிக்வெஸ்ட். அதோடு நிற்கவும் இல்லை. விளம்பரங்கள் முப்பது நொடிக்கு ஒரு தடவை மாறுகிற மாதிரி அமைத்திருந்தார்கள். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனால்கூட டேட்டா ஓடிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் பணம் அம்மாவுடையது. பேட்டரி அம்மாவுடையது.

நிக்லாஸ் விர்த் என்ற சுவிஸ் அறிஞர், பாஸ்கல் மொழியை உருவாக்கியவர், 1995-லேயே இதைப் பற்றி எழுதினார். கம்ப்யூட்டர் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்றார். வாடிக்கையாளர் விரும்பும் வசதிகளையெல்லாம் யோசிக்காமல் சேர்த்துக்கொண்டே போவது ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் கருத்து. 2024 ஜனவரி 1 அன்று காலமானார். அவர் கவலைப்பட்டது தேவையில்லாத வசதிகளைப் பற்றி. அவையாவது பயன்படுத்துகிறவருக்கென்று சேர்க்கப்பட்டவை. அம்மாவின் போனில் ஓடிய 7.4 எம்பியில் ஏறக்குறைய 7.3 அம்மாவுக்காக ஓடவில்லை. அவளைப் பற்றி வேறு யாருக்கோ சொல்வதற்காக ஓடியது.

இந்த ஒரு கேள்வியைத்தான் பல மாதமாக நோட்டில் எழுதி எழுதிப் பார்க்கிறேன்: நிரலின் இந்த வரி யாருக்காக ஓடுகிறது?

*

எழுத்து குதிப்பதை நிறுத்த ஒரே ஒரு சிஎஸ்எஸ் வரி போதும். விளம்பரம் வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே 250 பிக்சல் உயரம் ஒதுக்கிவிட்டால் முடிந்தது. விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். வரி நின்ற இடத்தில் நிற்கும்.

ஏன் செய்வதில்லை? சில நேரம் அந்த இடத்துக்கு விளம்பரமே கிடைக்காது. வெற்றிடம் தெரியும். வெற்றிடம் தெரிந்தால் மேலிடத்தில் கேட்பார்கள். எழுத்து குதித்தால் யாரும் கேட்பதில்லை. அம்மா மாதிரி ஆட்கள் கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

*

நானும் இப்படி எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, சென்னையில் ஒரு சின்ன நிறுவனம். பக்கத்தைத் திறந்ததும் பின்னால் இன்னொரு ஜன்னல் சத்தமில்லாமல் திறந்து ஒளிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மூடும்போதுதான் அது கண்ணில் பட வேண்டும். இதுதான் எனக்கு வந்த வேலை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு மாதிரி நடக்கும், ஃபயர்பாக்ஸில் ஒரு மாதிரி நடக்கும். மூன்று நாள் மண்டையை உடைத்து இரண்டிலும் ஒழுங்காக வேலை செய்ய வைத்தேன். டீம் லீட் தோளில் தட்டினார். எனக்கும் நிறைவாக இருந்தது. அந்த ஜன்னலை மூடப்போகிறவர் யார் என்று அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. கணக்குப் புதிராகத்தான் அதைப் பார்த்தேன்.

புரோகிராமர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து என்று இப்போது தோன்றுகிறது. புதிர் நன்றாக இருந்தால் போதும், எதற்காக என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பாப்-அப் விளம்பரத்துக்கு முதல் நிரலை எழுதியவர்களில் ஒருவர் ஈதன் ஜுக்கர்மேன். தொண்ணூறுகளில் டிரைபாட் என்ற தளத்தில் வேலை பார்த்தவர். தன் விளம்பரம் ஓர் ஆபாசப் பக்கத்தின் மேல் வந்துவிட்டது என்று ஒரு கார் நிறுவனம் சண்டைக்கு வந்தது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் போட்டால் சிக்கல் தீரும் என்று அவர் நினைத்தார். 2014-ல் நீண்ட கட்டுரை எழுதி மன்னிப்புக் கேட்டார். படித்தபோது எனக்கு அந்த மூன்று நாள் ஞாபகம் வந்தது. பொதுவெளியில் மன்னிப்புக் கேட்ட புரோகிராமர்கள் மிகக் குறைவு. அதனாலேயே அவர்மீது எனக்கு மரியாதை.

*

குக்கீ என்றால் என்னவென்று அம்மாவுக்குச் சொன்ன விதம்:

"குற்றாலநாதர் கோவில் வாசல்ல செருப்பு விடுற இடத்துல டோக்கன் குடுப்பாம்லா? உன் பேரு, ஊரு ஒண்ணும் அவனுக்குத் தெரியாது. நம்பரைக் காட்டினா உன் செருப்பு வரும். அவ்வளவுதான் குக்கீ."

1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மாண்டுல்லி உருவாக்கியபோது அது உண்மையிலேயே அவ்வளவுதான். சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தடவை பக்கம் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். கடையில் கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கம் போவதற்குள் காணாமல் போகும். அதற்காக ஒரு டோக்கன். கொடுத்த தளம்தான் திருப்பி வாங்க முடியும் என்ற கட்டுப்பாடும் இருந்தது. நல்ல மனசோடு செய்த நல்ல வேலை.

ஆனால் ஒரு பக்கத்துக்குள் வேறொரு சர்வரிலிருந்து படத்தைக் கொண்டுவந்து ஒட்டலாம். அந்தப் படத்தை அனுப்பும் சர்வரும் தன் பங்குக்கு ஒரு டோக்கன் தரலாம். அதே விளம்பர நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் ஒட்டப்பட்டால்?

"அதே செருப்பு ஸ்டாண்டுக்காரன் கோவில் வாசல்லயும் நிக்கான், ஆஸ்பத்திரி வாசல்லயும் நிக்கான், அடகுக்கடை வாசல்லயும் நிக்கான். நம்பரைப் பாத்து நோட்டுல குறிச்சுக்கிடுதான். இந்த நம்பர் காலையில கோவிலுக்குப் போச்சு, பத்து மணிக்கு எலும்பு டாக்டர்ட்ட போச்சு, சாயங்காலம் சங்கிலிய அடகு வச்சிச்சு."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அதான் அந்தக் கடன் ஆப்பு வந்துச்சா?"

அப்படித்தான் வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் கேட்டதில் தவறில்லை.

*

அந்த நகைக்கடை விளம்பரம் வந்த வழி.

அம்மா பக்கத்தைத் திறக்கிறாள். விளம்பர இடம் காலியாக இருக்கிறது என்று தளத்தின் விளம்பர சர்வர் ஒரு சந்தைக்குச் சொல்கிறது. சந்தை அதை வாங்கக்கூடியவர்களின் கணினிகளுக்கெல்லாம் தகவல் அனுப்புகிறது: எந்தப் பக்கம், என்ன போன் மாடல், ஐபி முகவரியை வைத்துத் தோராயமாக எந்த ஊர், டோக்கன் எண் என்ன. அவர்கள் தங்கள் நோட்டைப் புரட்டி, இந்த ஆளுக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று ஏலம் கேட்கிறார்கள். ஜெயித்தவரின் விளம்பரம் வருகிறது. ஏலம் தொடங்கி முடிய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பொறியியல் என்று பார்த்தால் இது வியக்கத்தக்க சாதனை. இதைக் கட்டியவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும்போது கூடை கண்முன்னே இருக்கும். யார் கேட்டார், எவ்வளவுக்குப் போனது என்று சுற்றி நிற்கிற எல்லோர் காதிலும் விழும். இந்த ஏலத்தில் கூடைக்குள் இருப்பது அம்மா. கேட்டவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. தோற்றவர்களுக்கும் தகவல் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. மீன் வாங்காதவர் வெறுங்கையோடு போவார். இங்கே வாங்காதவரும் நோட்டில் குறித்துக்கொண்டு போகலாம்.

பணமாவது செய்தி எழுதியவருக்குப் போகிறதா? பிரிட்டனின் விளம்பரதாரர் அமைப்பான இஸ்பா 2020-ல் பிடபிள்யூசி நிறுவனத்தை வைத்து இந்தப் பாதையைத் தடம்பிடித்துப் பார்த்தது. பெரிய விளம்பரதாரர்கள், தரமான தளங்கள், ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள். அப்படியிருந்தும் விளம்பரதாரர் போட்ட 100 பவுண்டில் 51 தான் தளங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் 15 பவுண்ட் எங்கே போனதென்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கு வைக்கவே பிறந்த எந்திரங்களின் சந்தையில் 15 சதவீதம் காணோம்.

தமிழ்ப் பக்கங்களின் நிலை இன்னும் மோசம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்ததே 2018-ல்தான். ஆயிரம் தடவை விளம்பரம் காட்டினால் ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைப்பதைவிடத் தமிழ்ப் பக்கத்துக்குக் கிடைப்பது குறைவு. அதனால் ஒரு விளம்பரம் போட வேண்டிய இடத்தில் நான்கு. நான்கு போட்டால் படிப்பவர் ஓடுகிறார். ஓடினால் வருமானம் குறைகிறது. குறைந்தால் ஐந்தாவது. தளத்தை நடத்துபவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அணை நீர்மட்டத்தைக் காலையில் விசாரித்து எழுதும் நிருபருக்குச் சம்பளம் போட வேண்டியவர் அவர்.

அம்மாவின் தவறிய விரல் அன்று யாரோ ஒருவருடைய ரிப்போர்ட்டில் ஒரு கிளிக். கிளிக் ரேட் ஏறியது என்று ஸ்லைடு போட்டிருப்பார்கள்.

*

1998 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த வலை மாநாட்டுக்கு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் ஒரு கட்டுரை கொண்டுபோனார்கள். செர்கேய் பிரின், லாரி பேஜ். கூகுள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் கட்டுரை. அதன் பின்னிணைப்பில் விளம்பரத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. தங்கள் தேடலில் செல்போன் என்று தேடினால் முதலில் வருவது, வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவது கவனத்தை எப்படிக் கெடுக்கிறது என்ற ஆய்வு என்கிறார்கள். செல்போன் விளம்பரத்தில் பணம் வாங்கும் தேடுபொறியால் இந்தப் பக்கத்தை முதலில் காட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி தேடுகிறவரை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. இருபதுகளின் நடுவில் இருந்த இரண்டு பிள்ளைகள் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பின்னிணைப்பை நான் தவறாமல் படிக்கக் கொடுக்கிறேன்.

2000 அக்டோபரில் கூகுளின் விளம்பரச் சேவை ஆட்வேர்ட்ஸ் வந்தது. 2008-ல் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை வாங்கி முடித்தார்கள், 310 கோடி டாலர். 2023-ல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் ஏறக்குறைய 30,700 கோடி டாலர். அதில் விளம்பரம் மட்டும் ஏறக்குறைய 23,800 கோடி.

2008 செப்டம்பரில் குரோம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் நம் சுந்தர் பிச்சை. அதுவரை ஒரு பக்கம் தொங்கினால் மொத்த பிரவுசரும் தொங்கும். குரோமில் ஒவ்வொரு டேபும் தனித்தனிப் பிராசஸ்; ஒன்று செத்தால் மற்றது பிழைக்கும். ஆபீஸில் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்த்தோம். அழகான பொறியியல். இன்றும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

ஆனால் பிரவுசர் என்பது வாசகரின் ஆள். வாசகரின் சார்பில் போய்ப் பக்கத்தை வாங்கி வருவது அதன் வேலை. அதைச் செய்து தருவது விளம்பரத்தில் வாழும் நிறுவனமாக இருந்தால் ஒருநாள் இரண்டு எஜமானர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற பெயரில் அந்த நாள் வந்தது. நீட்சிகள் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை குரோம் மாற்றியது. பாதுகாப்புக்காக என்றார்கள், அந்த வாதத்தில் உண்மையும் உண்டு, கெட்ட நீட்சிகளை நானே பார்த்திருக்கிறேன். விளைவு என்னவென்றால், ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி குரோமில் வேலை செய்யாமல் போனது. அதன் இளைத்த வடிவம் ஒன்றுதான் அங்கே மிச்சம். நன்கொடைகூட வாங்காமல் பல வருஷமாக அதைப் பராமரித்து வருகிறவர் ஹில்.

2024 ஆகஸ்டில் வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள், ஐபோனில் தானாக வரும் தேடுபொறியாக இருப்பதற்காக. 2025 ஏப்ரலில் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பரச் சந்தையிலும் அப்படியே என்றார். தளத்துக்கு விளம்பர சர்வர் தருவதும் அவர்கள், சந்தை நடத்துவதும் அவர்கள், இரண்டையும் சட்டவிரோதமாக முடிச்சுப் போட்டதும் அவர்கள். குரோமை விற்கச் சொல்ல வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டதை மேத்தா 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை. எனக்கு வருத்தம்தான்.

*

இவ்வளவு நோட்டுப் போட்டு ஆளைப் பின்தொடர்ந்தால் விளம்பரம் பலிக்கவாவது செய்கிறதா?

2012-ல் ஈபே நிறுவனத்துக்குள் இருந்த பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 'ஈபே' என்று தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். வரத்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. விளம்பரம் இல்லாவிட்டால் கீழே இருந்த சாதாரண இணைப்பைத் தொட்டு உள்ளே வந்துவிட்டார்கள். வாசல்படியில் கால் வைத்தவரை நான்தான் கூட்டி வந்தேன் என்று சொல்லி வருஷக்கணக்கில் காசு வாங்கியிருக்கிறது விளம்பரம். ஆய்வு 2015-ல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. எல்லா விளம்பரமும் வீண் என்று அது சொல்லவில்லை. ஈபேயைத் தெரியாத புதியவர்களிடம் பலன் இருந்தது. விளம்பரத்தை நிறுத்திப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நிறுத்திப் பார்க்கிற தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

*

வாட்ஸப்பைத் தொடங்கிய ஜான் கூம், பிரையன் ஆக்டன் இருவரும் யாஹூவில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், ஜிகினா வேண்டாம் என்று ஆக்டன் எழுதிக் கொடுத்த சீட்டைக் கூம் மேஜையில் ஒட்டி வைத்திருந்தார். முதல் வருஷம் இலவசம், பிறகு வருஷத்துக்கு ஒரு டாலர் என்பது அவர்கள் திட்டம். 2014-ல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016-ல் அந்த ஒரு டாலரும் போனது. இருவரும் வெளியேறினார்கள். 2025 ஜூனில் அப்டேட்ஸ் பகுதியில் விளம்பரம் வரும் என்று மெட்டா, அதாவது பெயர் மாறிய ஃபேஸ்புக், அறிவித்தது.

அந்த ஒரு டாலரை நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அம்மாவுக்கும் சேர்த்து.

*

அரை நொடி.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற புரோகிராமர், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் வேலை செய்பவர், தன் லினக்ஸ் எந்திரத்தில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூட ஆவதைக் கவனித்தார். வேறு ஆளாக இருந்தால் நெட்வொர்க் மந்தம் என்று விட்டிருப்பார். இவர் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. பெரிய லினக்ஸ் வெளியீடுகளுக்குள் அது முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தால் உலகத்தில் கணக்கில்லாத சர்வர்களின் சாவி ஒருவர் கையில் இருந்திருக்கும்.

கதவு வைத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை வாங்கியவர். நிஜத்தில் யாரென்று தெரியாது. கருவியை அதுவரை தனியாளாகச் சம்பளமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப்போயிருந்தார். ஏன் மெதுவாக வேலை செய்கிறீர்கள், இன்னொருவரைச் சேருங்கள் என்று மெயில் பட்டியலில் சிலர் அவரை நெருக்கினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. கோடிக்கணக்கான டாலர் புரளும் தொழிலின் அஸ்திவாரத்தில் ஒரு செங்கல்லை ஒரு மனிதர் ராத்திரி நேரத்தில் இலவசமாகத் தாங்கிக்கொண்டிருந்தார்.

ஃப்ராய்ண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திப் பக்கம் ஞாபகம் வருகிறது. அம்மாவின் போனில் எழுத்து நிலைகொள்ள ஒன்பது நொடி. ஒன்பது நொடிக்கு அங்கே யாரும் தோண்டவில்லை. அரை நொடி இவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல புரோகிராமர் யார் என்று இன்டர்வியூவில் பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடச் சொல்லிக் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். அரை நொடி உறுத்துகிறதா என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு சோதனையும் இல்லை.

*

எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் தொடங்கியது. அம்மாவின் போனுக்குள்ளும் உங்கள் போனுக்குள்ளும் இருக்கிறது; தொடர்புகள், செய்திகள் எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கும். பதிப்புரிமை கோராமல் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார்கள். 2050 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிரலைவிடச் சோதிக்கும் நிரல் பல நூறு மடங்கு பெரிது. யாரையும் வேவு பார்ப்பதில்லை.

விஎல்சி என்ற வீடியோ பிளேயர். விளம்பரம் சேர்த்தால் பெரும்பணம் தருகிறோம் என்று வந்தவர்களை அதை முன்னின்று நடத்தும் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ப் திருப்பி அனுப்பினார்.

பணத்துக்கு வேறு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு பெயரும் முதலில் வாயில் வரும்.

*

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 13 வகை. கேட்காததைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கூச வைப்பது, செய்தி மாதிரி வேஷம் போடும் விளம்பரம், சந்தாவில் நுழைய ஒரு தொடுகை, வெளியேற எட்டுத் திரை. தொழிலில் இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றும் எந்த மீட்டிங்கில் முடிவானது என்பதுவரை தெரியும்.

திரையின் ஒரு பகுதியை மங்கலாக்கி, போக வேண்டிய வழியிலிருந்து ஆளைத் திருப்புவதும் அதில் ஒன்று. சாம்பல் நிற இன்ட்டு மார்க் அதற்குள்தான் வரும் என்பது என் வாசிப்பு. புகார் கொடுக்க அம்மாவுக்கு இது தெரிய வேண்டும். அவள் தன் கைமேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

*

எந்திரம் எழுதும் நிரலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நானும் தினமும் பயன்படுத்துகிறேன், வேகமாக எழுதுகிறது. கேட்டால் பட்டையை ஓர் இழை நகர்த்தும் நிரலையும் ஐந்து நொடியில் எழுதித் தரும். ஒளியும் ஜன்னலுக்கு எனக்கு அன்று மூன்று நாள் ஆனது.

*

ஊரிலிருந்து கிளம்பும் முன் அம்மா போனில் ஃபயர்பாக்ஸ் ஏற்றி, அதில் யூபிளாக் ஆரிஜினையும் போட்டேன். ஆண்ட்ராய்டில் அது இன்னும் வேலை செய்கிறது. அதே செய்தி 140 கேபியில் வந்தது. அம்மா கடைசி வரி வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது நிருபரின் சம்பளம் நினைப்பில் உறுத்தியது. தளத்தில் சந்தா கட்ட வழி தேடினேன். இல்லை. அதே நிறுவனத்தின் அச்சுப் பேப்பருக்கு அம்மா பேரில் வருஷச் சந்தா கட்டினேன். தளத்தின் தொடர்பு முகவரிக்கு ஒரு மெயிலும் எழுதினேன்: 250 பிக்சல் உயரம் எங்கே ஒதுக்க வேண்டும், எந்த வரியில், முன்னும் பின்னும் எத்தனை நொடி, ஸ்கிரீன்ஷாட்டோடு.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். "சார், உயரம் ஒதுக்கிட்டேன், நேத்து ரிலீஸ்ல போயிடுச்சு. எங்க பாட்டியும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாங்க. ஆனா க்ளோஸ் பட்டன் எங்க கையில இல்ல சார், அது விளம்பரக் கம்பெனி ஸ்கிரிப்ட்ல இருந்து வருது" என்று எழுதியிருந்தார்.

அந்த ஸ்கிரிப்டை இறக்கிப் பார்த்தேன். சுருக்கி ஒரே வரியாக்கிய நிரல், மூன்று லட்சம் எழுத்துக்கு மேல். இரண்டு ராத்திரி ஆனது. 14 எழுதியிருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே, தளம் விரும்பினால் மாற்றிக்கொள்ள ஓர் அமைப்பும் இருக்கிறது. பெயரையும் போட வேண்டிய 48-ஐயும் எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.